அத்தை திருப்பிய தலைகள்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமா உட்கார்ந்திருந்தார். தலையில் ஹெட்போன், கையில் பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. இடது காதுக்கு நான் அனுப்பிய சத்தத்துக்கெல்லாம் டக் டக்கென்று அமுக்கினார், ஏல மண்டியில் விலை கேட்டவனுக்குத் தலையாட்டும் அதே சுறுசுறுப்போடு. பிறகு, அந்த நல்ல காது குறுக்கே புகுந்து கேட்டுவிடாமல் இருக்க அதில் இரைச்சலைப் போட்டு மூடிவிட்டு, வலது காதுக்கு மாற்றினேன். அமுக்கவில்லை. கூட்டினேன், அமுக்கவில்லை. இன்னும் கூட்டினேன். அந்த அளவுச் சத்தத்துக்குத் தூங்குகிறவன் எழுந்து வந்து சண்டை போடுவான். மாமாவோ, 'எப்பம்மா ஆரம்பிப்ப?' என்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பெஞ்சில் அத்தை, முந்தானையால் விசிறிக்கொண்டே, பக்கத்தில் இருந்த அம்மாளுக்குத் தலைசுற்றல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். திறந்திருந்த கதவு வழியாக எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. வந்த ஆத்திரத்தில் எழுந்துபோய் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்து, நாற்காலியோடு என்னை நானே அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

நான் தேனியில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் வேலை பார்க்கிறேன். பலகையில் ஆடியாலஜிஸ்ட் என்று போட்டிருக்கிறது, வருகிறவர்களுக்கு நான் 'காது டெஸ்ட் பிள்ள'. காது கேட்கிறதா என்று பார்ப்பது பாதி வேலை, தலைசுற்றல் எதனால் என்று பார்ப்பது மீதிப் பாதி. இந்த இரண்டாவது பாதியை யாருக்கும் புரியவைக்க முடிவதில்லை. "சுத்துறது தலை, நீ எதுக்குத்தா காதைக் கொடையுற?" என்று கேட்காத ஆளே கிடையாது. உடம்பு சாயாமல் நிற்பதற்கான சமாச்சாரம் உள்காதில்தான் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. அல்லிநகரத்தில் வீடு, தெருவுக்குள் நடந்தால் நாலு பேராவது நிறுத்திக் கிறுகிறுப்புக்கு மாத்திரைப் பேர் கேட்பார்கள். வந்து டெஸ்ட் பண்ணுங்கள் என்று சொன்னால் மட்டும், அந்த நாலு பேருக்கும் அவசர வேலை வந்துவிடும்.

மாமா சின்னமனூரில் ஒரு வாழைத்தார் மண்டியில் ஏலம் கூறுகிறவர். தார்களை வரிசையாகச் சாத்தி வைத்திருப்பார்கள். நடுவில் மாமா நடந்து போவார், இரண்டு பக்கமும் வியாபாரிகள் நிற்பார்கள். யாரும் கத்தி விலை கேட்பதில்லை. ஒருவர் வாய்க்குள் முனகுவார், இன்னொருவர் இருமுவதுபோல ஒரு வார்த்தையைத் துப்புவார். பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாமல் விலை ஏற்றுவதுதான் அங்கே சாமர்த்தியம். அந்த முனகல் எந்தப் பக்கத்தில், எவர் வாயிலிருந்து வந்தது என்று திரும்பிப் பார்க்காமலே மாமாவுக்குத் தெரிய வேண்டும். தெரியும். அவர் ஒருவர் பெயருக்குத் தாரைப் போட்டால் போட்டதுதான், எதிர்ப்பேச்சு வராது. சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க மனிதனுக்கு இரண்டு காதும் வேண்டும். ஒன்று போனாலும் இன்னொன்று கேட்கும், ஆனால் எங்கிருந்து என்று சொல்லாது. ஆக, மாமாவின் வலது காது என்பது வெறும் காது இல்லை, அவருடைய பிழைப்பு, அவருடைய பெயர். அதைத்தான் அத்தை தொலைத்தாள் என்று நான் மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன்.

அத்தை என் அப்பாவுக்கு மூத்தவள். உத்தமபாளையம் தாண்டி இராயப்பன்பட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். காலால் பிறந்தவள். பிரசவத்தில் தலைக்குப் பதில் கால் முன்னால் வந்த பிள்ளைகளை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அவர்கள் காலால் நீவிவிட்டால் இடுப்புப் பிடிப்பு, சுளுக்கு, மூச்சுப்பிடிப்பு எல்லாம் பறந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. மூட்டை தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டவன், கிணற்று மேட்டில் வழுக்கியவன், யாராக இருந்தாலும் நேரே அத்தை வீட்டு வாசலில்தான் வந்து குப்புறப் படுப்பான். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, நீவு நீவென்று நீவி, கடைசியில் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டுவாள். எழுந்து போகிறவன் நிமிர்ந்துதான் போவான், வலி போனதோ இல்லையோ, இன்னொரு தட்டு வாங்கத் தெம்பு இருக்காது. இந்த ராசி அவளுக்கு ஊரில் ஒரு அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. உடம்பு விஷயத்தில் அவள் சொன்னால் மறுபேச்சு இல்லை. பிறக்கும்போதே பட்டம் வாங்கிக்கொண்டு வந்தவளிடம், பள்ளிக்கூடம் முடித்து மேலே நாலு வருஷம் படித்தவள் என்ன பேசிவிட முடியும்?

அவளுக்கே ஒரு நாள் கிறுகிறுப்பு வந்தது. திராட்சைத் தோட்டத்து வேலை அவளுக்கு. கொடி ஆள் உயரத்துக்கு மேலே கம்பிப் பந்தலில் படர்ந்திருக்கும். கவாத்து வெட்டுவது, இலை கிள்ளுவது, குலை அறுப்பது எல்லாமே அண்ணாந்து செய்கிற வேலை, காலையில் பந்தலுக்குள் புகுந்தால் சாயங்காலம்வரை கழுத்து மேலே பார்த்தபடிதான். ஒரு நாள் அண்ணாந்தவள் அப்படியே பந்தல் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாளாம். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. பிறகு படுக்கையில் புரண்டு படுத்தால் வந்தது, உறியில் இருந்து பாத்திரம் எடுத்தால் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி பித்தம் என்று இஞ்சிச் சாறு குடிக்கவைத்தாள். தோட்டக்காரர் வெயில் என்றார். மருந்துக் கடைக்காரர் பிரஷர் என்று ஒரு மாத்திரை கொடுத்தார். என் சித்தப்பா, அவர் பஸ் கண்டக்டர், கழுத்து எலும்புத் தேய்மானம் என்று தீர்ப்புச் சொல்லி, கழுத்துக்குப் பட்டை ஒன்று வாங்கி மாட்டிவிட்டார். பட்டை மாட்டினால் அண்ணாந்து பார்க்க முடியாது. அண்ணாந்து பார்க்காததால் கிறுகிறுப்பு வரவில்லை. வராததால் எலும்புத் தேய்மானம்தான் என்று உறுதியாகிவிட்டது. எப்பேர்ப்பட்ட ஞானம்! இதற்கிடையில் கம்பத்தில் ஒரு இடத்தில் போய்ப் படுத்து குளுக்கோஸ் பாட்டில் வேறு ஏற்றிக்கொண்டு வந்தாள். எங்கள் பக்கத்தில் பாட்டில் ஏற்றாத வியாதி வியாதியே இல்லை.

மாமாதான் ஒரு வழியாகத் தேனிக்கு இழுத்து வந்தார். இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. கட்டிலில் கால் நீட்டி உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, தலை கட்டில் விளிம்புக்கு வெளியே கொஞ்சம் தொங்குகிற மாதிரி பிடித்துக்கொண்டு கண்ணைப் பார்க்க வேண்டும். அத்தை கட்டிலின் இரண்டு ஓரத்தையும் இரும்பாகப் பிடித்துக்கொண்டாள். "ஏத்தா, மல்லாத்துன்னா செத்துப்போவேன். ஒங்கப்பனுக்கு நீதான் பதில் சொல்லணும், ஆமா!" என்று கூப்பாடு. வெளியில் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் பயந்து எழுந்தே போய்விட்டார்கள். நான் கெஞ்சினேன், மிரட்டினேன். நர்ஸ் வந்து சொல்லிப் பார்த்தார். கடைசியில் மாமா சொன்னார், "ஊரையே குப்புறப் போட்டு மிதிக்கிறவ, ஒரு தடவ மல்லாக்கப் படுக்க மாட்டியாடி?" அந்த ரோஷத்தில்தான் படுத்தாள். தலையைத் தொங்கவிட்டதும் அவள் கண்மணிகள் துடித்துச் சுழல ஆரம்பித்தன. "யாத்தே, வீடு சுத்துதே, கௌமாரித் தாயே" என்று என் கையில் நகம் பதியப் பிடித்தாள். நான் அவள் தலையை விடாமல் மறுபக்கம் திருப்பி, கொஞ்சம் பொறுத்து, உடம்போடு ஒருக்களித்துப் புரட்டி, இன்னும் கொஞ்சம் பொறுத்து, மெல்ல எழுப்பி உட்காரவைத்தேன். திரும்பவும் சோதித்தேன். கண் ஆடவில்லை. மேலே மின்விசிறியைப் பாருங்கள் அத்தை என்றேன். பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"அம்புட்டுத்தானா?" என்றாள். அம்புட்டுத்தான் என்றேன். "ஊசி?" தேவையில்லை. "மாத்திரை?" அதுவும் தேவையில்லை. முகம் தொங்கிப்போயிற்று. "தலையத் திருப்பி விட்டா அதுக்குப் பேரு வைத்தியமாக்கும்? இதுக்கா பஸ்ஸேறித் தேனிக்கு வந்தேன்?" என்று டாக்டரிடமே போய் நின்றாள். அவர் பாவம், ஆளைக் கிளப்பினால் போதும் என்று ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை வாங்கி மடியில் செருகிய பிறகுதான் அவளுக்குக் குணமான மாதிரி இருந்தது. நான் வீட்டுக்குப் போய்த் தலையில் அடித்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். உள்காதில் ஒரு இடத்தில், அரிசிக் குருணையைவிடப் பொடியான சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை பிய்ந்து பக்கத்தில் இருக்கிற வளைந்த குழாய்க்குள் விழுந்துவிட்டால், தலை அசையும்போதெல்லாம் அவையும் உருண்டு, ஊரே சுற்றுகிறது என்று மூளைக்குப் பொய்ச் சேதி அனுப்பும். தலையைச் சரியான வரிசையில் திருப்பி, அந்தத் துகள்களை வெளியே உருட்டிவிட்டால் தீர்ந்தது. இதைப் படம் போட்டு அத்தைக்குக் காட்டியிருந்தேன். அப்போது மூஞ்சியைத் திருப்பிக்கொண்டவள், சில நாள் கழித்துப் போன் செய்தாள். கிறுகிறுப்பு வரவே இல்லையாம். சந்தோஷப்பட்டேன். "காதுக்குள்ள விழுந்தது சுளுக்குத்தான? அத அன்னைக்கே சொல்ல வேண்டியதுதான? கைப்பிள்ளைக்குக் கழுத்துப் பிடிச்சு உரம் விழுந்தா மொறத்துல போட்டு உருட்டுவோமே, அதே சங்கதி" என்றாள். சுளுக்கு இல்லை அத்தை, துகள் என்றேன். "அதத்தான் நானும் சொல்றேன்" என்றாள். அந்த இடத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுப் பந்தல் நிழலில் சாய்கிற நேரத்தில், சாக்கை விரித்து அத்தை ஆரம்பித்துவிட்டாள். தன் உடம்பில் நடந்ததை அவள் அப்படியே மனதில் ஏற்றி வைத்திருந்தாள். அது போதாதென்று அவள் மகள் செல்போனில் யாரோ போட்ட வீடியோவை வேறு காட்டியிருக்கிறாள். கிறுகிறுப்பு என்று சொன்னவளையெல்லாம் படுக்கவைத்துத் தலையைத் திருப்பினாள். நாளெல்லாம் அண்ணாந்து வேலை செய்கிறவர்களில் சில பேருக்கு நிஜமாகவே இந்தத் துகள் வியாதி இருந்திருக்கும்போல, அவர்களுக்குப் பட்டென்று நின்றுவிட்டது. மற்றவர்கள் காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள், ரத்தம் இல்லாதவர்கள். அவர்களுக்கும் கொஞ்ச நேரம் படுத்து எழுந்ததில் தெளிந்துவிட்டது. எல்லாப் புகழும் அத்தைக்கு. காலு மட்டுமில்ல, கையும் ராசிதான் என்று ஓடைப்பட்டிவரை பேச்சுப் பரவி, அங்கிருந்தெல்லாம் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். காதில் விழுந்ததும் நான் நேரிலேயே போய்ச் சண்டை போட்டேன். "அத்தை, தலைசுத்துன்னா எல்லாம் ஒண்ணு இல்ல. காது அடைச்சுதுன்னாலோ, உள்ள இரைச்சல் வந்துச்சுன்னாலோ, கேக்காமப் போச்சுன்னாலோ நீ தொடவே கூடாது. அன்னைக்கே தேனிக்கு அனுப்பிரணும்" என்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். "சரித்தா, சரித்தா" என்றாள். அவள் 'சரித்தா' என்று ரெண்டு தடவை சொன்னால், ஒரு வார்த்தைகூட உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழா நெருங்கிய சமயம். மண்டியில் தார் வந்து குவிகிற நாட்கள். ஒரு காலையில் எழுந்த மாமா நிற்க முடியாமல் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். ஒரே வாந்தி. கண்ணைத் திறந்தாலும் சுற்றியது, மூடினாலும் சுற்றியது, அசையாமல் கிடந்தாலும் நிற்கவில்லை. அத்தைக்கு வந்தது தலையை அசைத்தால் வந்து நிமிஷத்தில் போய்விடுவது. இது விடாமல் நாளெல்லாம் சுற்றுவது. அந்த வித்தியாசம் போதாதென்று, மாமாவே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். "வலது காது பஞ்சு வச்ச மாதிரி அடைக்குதுடி. உள்ள மோட்டார் ஓடுது." இதைவிடத் தெளிவாக ஒரு காது என்னதான் சொல்லும்? அத்தையோ, "கிறுகிறுப்பு எறங்குனா அடைப்பும் தன்னால எறங்கிரும்" என்று அவரைப் படுக்கவைத்துத் தலையைத் திருப்பினாள். அவர் இன்னும் வாந்தி எடுத்தார். திரும்பத் திரும்பத் திருப்பினாள். காதில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஊற்றினாள். நாலைந்து நாளில் சுற்றல் குறைந்தது. யாரும் தொடாமல் விட்டிருந்தாலும் குறைந்திருக்கும், ஒரு பக்கம் கெட்டுப்போனால் இன்னொரு பக்கத்தை வைத்துச் சமாளிக்க மூளை தானே பழகிக்கொள்ளும். ஆனால் வைத்தியம் பார்த்தவள் பக்கத்தில் இருக்கும்போது மூளைக்கு யார் பெயர் கொடுப்பார்கள்? மாமா சுவரையும் ஆளையும் பிடித்துக்கொண்டு மண்டிக்குப் போக ஆரம்பித்தார். காது மட்டும் அடைத்தபடியே இருந்தது. எண்ணெய் ஊறியிருக்கும், சரியாகிவிடும் என்று இருந்துவிட்டார்கள்.

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த வாரம் அத்தை எனக்குப் போன் செய்தாள். வடுமாங்காய் போட்டிருக்கிறேன், ஆள் வந்தால் கொடுத்துவிடுகிறேன் என்றாள். உப்பு எவ்வளவு, மாங்காய் எந்தத் தோப்பில் வாங்கியது என்று ஒரு பாட்டம் பேசினாள். மாமா எப்படி இருக்காக என்று கேட்டேன். கேட்டேன்! "அவுகளுக்கென்ன, ராசா மாதிரி இருக்காக" என்று சொல்லிவிட்டு, திரும்பவும் மாங்காய்க்குப் போய்விட்டாள். தேனிக்கும் அவர்கள் ஊருக்கும் என்ன பெரிய தூரம், ரெண்டு பஸ் மாறினால் வந்துவிடலாம். மாங்காய் மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தது.

மண்டியில்தான் குட்டு உடைந்தது. ஒரு வரிசைக்கு வலது பக்கம் நின்ற மலையாள வியாபாரி, கம்பம் மெட்டு வழியாக வருஷக்கணக்காக வந்துபோகிறவர், கடைசி விலை கேட்டிருக்கிறார். மாமாவுக்கு அது இடது பக்கத்திலிருந்து வந்ததாகத்தான் கேட்டது. இடது பக்கத்து ஆளுக்குத் தாரைப் போட்டுவிட்டார். "எந்தா அண்ணாச்சி, ஞானல்லே விளிச்சது?" என்று, தான்தானே விலை கேட்டது என்பதாக, அவர் முகம் சுருங்கிக் கேட்டார். அன்றே இன்னொரு தடவை, மறுநாள் மறுபடி. வாய் வார்த்தை முற்றி, மண்டி முதலாளி தனியே கூப்பிட்டு, "என்னண்ணே, ஆள் பாத்துத் தாரப் போடுறீகளாம்ல?" என்று கேட்டுவிட்டார். மாமா வாழ்க்கையில் கேட்காத கேள்வி. நேரே வீட்டுக்கு வந்தவர், கட்டிலில் உட்கார்ந்து இடது காதருகே விரலைச் சொடுக்கினார், பிறகு வலது காதருகே. மாற்றி மாற்றிச் சொடுக்கிக்கொண்டே இருந்தாராம். மறுநாள் தேனிக்கு வந்தார்கள். அன்றுதான் அவர் பொத்தானை அமுக்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டர் எப்போதிலிருந்து என்று கேட்டார். மாமா வாயைத் திறப்பதற்குள் அத்தையே எல்லாம் சொன்னாள், தலை திருப்பியது, எண்ணெய், எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியது என்றே அவளுக்குத் தோன்றவில்லை. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இது மொத ரெண்டு மூணு நாளைக்குள்ள வந்திருக்க வேண்டியதும்மா" என்றார். காதின் நரம்பு திடீரென்று படுத்துவிடுகிற வியாதி. ஏன் வருகிறது என்று பல நேரம் கண்டுபிடிக்க முடியாது, சீக்கிரம் மருந்து கொடுத்தால் சில பேருக்குத் திரும்பும். மதுரைக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்தோம், கட்டி எதுவும் இல்லை. மாத்திரை கொடுத்தோம். செவிப்பறை வழியாக ஊசியும் போட்டார். மாமா ஒரு தடவைகூட முகம் சுளிக்காமல் வந்துபோனார். ஒவ்வொரு தடவை டெஸ்ட் எடுத்தும், காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டுகிற கோடு தாளின் அடியிலேயே கிடந்தது. வராந்தாவில் வைத்து அத்தையிடம் கேட்டேவிட்டேன், "சொன்னேனா இல்லையா? காது அடைச்சா அனுப்புன்னு சொன்னேனா இல்லையா?" அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கிறுகிறுப்பு நின்னுச்சா இல்லையா, மொத அதச் சொல்லு" என்றாள். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மாமா நடுவில் வந்து, "விடு மருமகளே. இன்னொண்ணு இருக்குல்ல" என்று இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

இன்னொன்று இருக்கிறதுதான். ஆனால் ஏலம் கூறுகிற வேலை இல்லை. முதலாளி மரியாதையாகத்தான் சொன்னாராம், கொஞ்ச நாள் ஓய்வா இருங்கண்ணே என்று. கூறுவதற்கு வேறு ஆள் வந்துவிட்டார். மாமா இப்போது லாரியில் இருந்து இறங்குகிற தாரைத் தரம் பிரித்து ஓரமாக அடுக்குகிற இடத்தில் நிற்கிறார். வலது பக்கத்துச் சத்தத்தை இடது காதுக்குக் கொண்டுவந்து கொடுக்கிற கருவி ஒன்று உண்டு, மாட்டிவிட்டுப் பார்த்தேன். மண்டி இரைச்சல் மொத்தமும் ஒரே காதில் கொட்டியதே தவிர, எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. கழற்றி டப்பாவில் வைத்துவிட்டார். ஆள் பார்த்துத் தார் போட்டவர் என்ற பேச்சு மட்டும் மண்டியைவிட்டு முழுசாகப் போகவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு நாள் அவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். எப்போதும் மாமாவுக்கு வலது பக்கம் உட்கார்ந்து பரிமாறுகிற அத்தை, குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள். எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. இந்த அக்கறையைத் திருவிழாவுக்கு முன்னால் காட்டியிருக்கக் கூடாதா?

அதற்குப் பிறகாவது அத்தை அடங்கினாள் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். பந்தலில் சாக்கு விரிப்பது நிற்கவில்லை. ஒரே ஒரு மாற்றம். தலையைத் தொடுவதற்கு முன், ரெண்டு காதருகிலும் விரலை உரசி, கேக்குதா, இங்கன கேக்குதா, அடைக்குதா, இரையுதா என்று போலீஸ் விசாரணை நடத்துகிறாளாம். எவளாவது ஒரு நொடி யோசித்துவிட்டால் போதும், அன்றே தேனி பஸ். எங்கள் பெஞ்சு நிரம்பி வழிந்தது. காதில் குரும்பி அழுக்கு அடைத்தவள், சளி பிடித்தவள், ஊக்கு விட்டுக் குடைந்து புண்ணாக்கியவள், தோட்டத்துப் பாட்டுச் சத்தத்தில் அத்தையின் கேள்வி சரியாகக் கேட்காதவள், எல்லோரும் "உங்க அத்தை அனுப்புனாக" என்று வந்து நின்றார்கள். "உங்க அத்தைக்கு இங்க ஒரு ரூம் போட்டுக் குடுத்துரலாமா?" என்று டாக்டர் என்னைக் கேலி செய்தார். முதலில் யாரையும் அனுப்பாமல் கொன்றாள், இப்போது எல்லாரையும் அனுப்பிக் கொல்கிறாள். போன் செய்து கத்தினால், "சரித்தா, சரித்தா" என்பாள்.

போன மாதம் ஒரு காலையில் அத்தையே வந்தாள். ஆண்டிபட்டிப் பக்கமிருந்து புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கூடவே அந்தப் பெண்ணின் மாமியாரையும். பெண்ணின் விரலெல்லாம் திராட்சை இலைக் கறை. வேலைக்கு வந்த இடத்தில் சுற்றல், இடது காது அடைப்பு. "தலையத் தொடல. நேரா பஸ்ஸுதான்" என்றாள் அத்தை. இன்னொரு குரும்பி என்று நினைத்துக்கொண்டேதான் உள்ளே உட்காரவைத்தேன். குரும்பி இல்லை. கோடு மாமாவுடையதைப்போலவே கீழே இறங்கிக்கொண்டே போனது. நேரே டாக்டரிடம் ஓடினேன். அன்றைக்கே டாக்டர் மருந்தை ஆரம்பித்தார். சில வாரம் கழித்து அந்தப் பெண் திரும்ப வந்தபோது, அத்தையும் ஒட்டிக்கொண்டு வந்தாள். சோதித்தேன். கோடு மேலே ஏறி இருந்தது. நம்பாமல் திரும்பவும் சோதித்தேன். அதே இடம். அந்தப் பெண் செல்போனை இடது காதில் வைத்து ஆண்டிபட்டியில் இருக்கும் அம்மாவிடம் பேசிப் பார்த்து அழுதாள். மாமியார் அத்தையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நான் என்னத்தச் செஞ்சேன், பஸ்ஸுல ஏத்திவிட்டேன்" என்று அத்தை கையை உருவிக்கொண்டாள்.

அவர்கள் மருந்து வாங்கப் போனார்கள். அத்தை போகவில்லை. நான் கணினியை அணைக்கப் போனபோது, "இரு" என்று சொல்லிப் பக்கத்தில் வந்து நின்று, திரையில் விரலை வைத்தாள். "இந்தக் கோடு கீழ கெடந்துச்சு. இப்ப மேல வந்துருச்சு."

"ஆமா அத்தை."

"அன்னைக்கே கூட்டியாந்ததாலயா?"

கேள்வி எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டாள். "அப்ப ஒங்க மாமாவையும் அன்னைக்கே கூட்டியாந்திருந்தா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. பஸ்ஸில், குளிக்கும்போது, மண்டிப் பக்கம் போகும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பதில். நீதான், உன் பிடிவாதம்தான், உன் ராசிதான் என்று தொடங்கி அது நீளமாகப் போகும். வாயில் வந்தது வேறு. அது அவளுக்காகச் சொன்னதும் இல்லை, அதுதான் உண்மை. வருகிற நோயாளிகள் எவர் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். "வந்திருக்கலாம், வராமயும் போயிருக்கலாம் அத்தை. மாமாவுக்கு வந்தது ரொம்பக் கடுமையான சுத்து. அப்பிடி வந்தா மொத நாளே வந்தாக்கூட பல பேருக்குத் திரும்புறதில்ல. திரும்பியிருக்கும்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது."

அவள் இப்போதுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பித்தம் என்றவளை நம்பினாள், கழுத்துப் பட்டையை நம்பினாள், குளுக்கோஸ் பாட்டிலை நம்பினாள். தன் காலையும் கையையும் நம்பினாள்.

"சத்தியமா அத்தை" என்றேன்.

"பொய் சொல்லாதத்தா" என்றாள் அத்தை. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று வெளியே போனாள்.